பெர்க்லியில் கட்டாய 'அமெரிக்கன் கல்ச்சர்ஸ்' பாடம்: ஜிபிஏ அடி வாங்குமா? இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்?

ஃப்ரீமாண்ட்_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பெர்க்லியில் இரண்டாம் ஆண்டு. டேட்டா சயின்ஸ் எடுக்கப் போகிறாள், மெடிக்கல் ஸ்கூல் யோசனையும் ஒரு ஓரமாக இருக்கிறது. அடுத்த செமஸ்டரில் 'அமெரிக்கன் கல்ச்சர்ஸ்' வகையில் ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டுமாம், முடிக்காவிட்டால் பட்டமே கிடையாதாம். பட்டியலைப் பார்த்தால் இனம், குடியேற்றம், இசை என்று என்னென்னவோ இருக்கிறது. கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் போராடி எடுக்கும் ஜிபிஏவை (மதிப்பெண் சராசரியை), பேராசிரியரின் அரசியலோடு ஒத்துப்போகாத ஒரு கட்டுரை கெடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதைக் கட்டாயமாக்கியது யார்? கிரேடு போடுவதை யாராவது மேற்பார்வை பார்க்கிறார்களா? தேவைப்பட்டால் நான் யாருக்கு எழுத வேண்டும்?

மதுரைக்காரன்:

அண்ணா, நீங்கள் கட்டும் ஃபீஸில் நடக்கும் பிரசார வகுப்பு அது. அரசாங்கம் தலையிடாமல் திருந்த மாட்டார்கள்.

வைகை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் சார். நீங்கள் யாருக்கும் எழுதாதீர்கள். 1974ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரிக்குள் நுழைந்துவிட்ட மாணவரின் பதிவேடுகள் அவருக்கே சொந்தம். மகளின் அனுமதி இல்லாமல் பேராசிரியர் உங்களிடம் அவள் கிரேடைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. நீங்கள் எழுதியது தெரிந்தால் மகள் உங்களிடம் பேசாமல் இருப்பாள், அது வேறு.

கட்டாயமாக்கியது யார் என்றால், பேராசிரியர்களேதான். 1989ல் பெர்க்லி அகாடமிக் செனட் (பேராசிரியர்களின் பேரவை) வாக்கெடுப்பு நடத்திச் சொற்ப வித்தியாசத்தில் நிறைவேற்றியது. 1991 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கலைப் பிரிவோ எஞ்சினியரிங்கோ, இளநிலை மாணவர் எல்லோருக்கும் ஒரே ஒரு பாடம். அதன் வடிவமைப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆப்பிரிக்க அமெரிக்கர், இந்நாட்டின் பழங்குடியினர், ஆசிய அமெரிக்கர், சிக்கானோ (மெக்சிகோ வழி வந்தவர்) மற்றும் லத்தீனோ, ஐரோப்பிய அமெரிக்கர் என்ற ஐந்து பிரிவுகளில் குறைந்தது மூன்றையாவது ஒப்பிட்டு நடத்த வேண்டும் என்று விதி எழுதினார்கள். அதனால் ஒரே ஒரு சமூகத்தின் வரலாற்றை மட்டும் சொல்லும் பாடம், எவ்வளவு நல்ல பாடமாக இருந்தாலும், இதில் கணக்காகாது. எந்தத் துறை வேண்டுமானாலும் நடத்தலாம். ஆனால் செனட்டின் தனிக் குழு ஒன்று பாடத்திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

பிரசார வகுப்பு என்று தம்பி சொல்வதற்கு: ஐரோப்பிய அமெரிக்கரையும் ஒரு பிரிவாக அந்த ஐந்தில் வைத்தது தற்செயல் கிடையாது. அன்றைக்குக் கடுமையாக எதிர்த்தவர்களையும் வைத்துக்கொண்டு எட்டிய ஏற்பாடு அது.

ஃப்ரீமாண்ட்_அப்பா:

நன்றி வைகை. அப்படியானால் தமிழ் வகுப்பு எடுத்தால் போதுமா? பெர்க்லியில் தமிழ் இருக்கிறதே, தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் நடத்திய இடம்தானே.

வைகை:

தமிழ் இருக்கிறது. மொழித் தகுதிக்கு உதவும். இதற்கு ஆகாது, ஏனென்றால் இந்தப் பாடம் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றியது. உலகப் பண்பாடுகளைச் சுற்றிக் காட்டும் பாடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

நிலா_எல்ஏ:

யூசிஎல்ஏ கதையையும் சொல்லிவிடுகிறேன், நான் அங்கேதான் படித்தேன். எங்களுக்கு இதே மாதிரிக் கட்டாயப் பாடம் பெர்க்லியை விடப் பல வருடம் தாமதமாக வந்தது. 2012ல் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் (கலை, அறிவியல் பிரிவு) ஆசிரியர்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். 2014 அக்டோபரில் மறுபடி வாக்கெடுப்பு, 332க்கு 303 என்று மயிரிழையில் நிறைவேறியது. அதோடு முடியவில்லை. எதிர்த்த பேராசிரியர்கள் மனு போட்டு மொத்த செனட்டின் வாக்குக்கும் கொண்டுபோனார்கள். 2015 ஏப்ரலில் 916க்கு 487 என்று தீர்மானம் நின்றது. ஒரு பாடத்துக்கு இத்தனை சண்டை. ஒரு பேராசிரியர் தன் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏ போடுவாரா பத்து பேருக்குப் போடுவாரா என்பதற்கு ஒரு வாக்கெடுப்பும் கிடையாது!

கணக்குப்பிள்ளை:

நிலா சொன்ன கடைசி வரிதான் விஷயமே. கிரேடுக்கு வாக்கெடுப்பு நடந்த இடங்களும் உண்டு, என்ன ஆனது என்று பாருங்கள்.

பிரின்ஸ்டனில் 2004 ஏப்ரலில் ஆசிரியர் கூட்டம் ஒரு தீர்மானம் போட்டது. எந்தத் துறையிலும் ஏ வகை கிரேடுகள் 35 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். முன்னின்று நடத்தியவர் டீன் நான்சி மால்கீல். அது இலக்கு மட்டுமே, கோட்டா இல்லை என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. மாணவர்கள் அதைக் கோட்டாவாகவேதான் பார்த்தார்கள், பக்கத்து சீட்காரன் ஏ வாங்கினால் எனக்கு ஒன்று குறையும் என்று. 2014 அக்டோபரில் அதே ஆசிரியர் கூட்டம் அதை ரத்து செய்தது.

வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியில் அதே 2004ல் வேறு மாதிரி. ஆரம்ப, இடைநிலைப் பாடங்களில் வகுப்புச் சராசரி பி பிளஸ், அதாவது 3.33ஐத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. பொருளாதாரமும் அறிவியலும் ஏற்கெனவே கஞ்சத்தனமாகத்தான் போட்டுக்கொண்டிருந்தன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலக்கியம், சமூக அறிவியல் மாதிரியான துறைகளுக்குத்தான் அடி. அங்கேயே வேலை பார்க்கும் மூன்று பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை ஆராய்ந்து 2014ல் கட்டுரை வெளியிட்டார்கள். உச்சவரம்பு பாதித்த துறைகளில் வகுப்பில் சேர்வோர் குறைந்தார்கள், மேஜர் (முதன்மைப் பாடம்) எடுப்பவர்கள் குறைந்தார்கள், பேராசிரியர்களுக்கு மாணவர்கள் தந்த மதிப்பீடும் இறங்கியது. இனங்களுக்கு இடையே இருந்த கிரேடு இடைவெளி அதிகமானது. இந்தக் கடைசி முடிவை நான் இரண்டு முறை படித்தேன்.

பன்முகப் பண்பாட்டுப் பாடங்களில் பெரும்பகுதி எந்தத் துறைகளில் இருக்கிறது என்று யோசியுங்கள்.

மதுரைக்காரன்:

அப்படியானால் அள்ளிக் கொடுக்கலாம் என்கிறீர்களா? ஹார்வர்டில் கிரேடுகளில் பாதிக்கு மேல் ஏ என்று அவர்களே அறிக்கை விட்டார்களே.

கணக்குப்பிள்ளை:

பாதிக்கு மேல் என்பது குறைத்துச் சொல்வது. 2025 அக்டோபர் அறிக்கைப்படி சுமார் 60 விழுக்காடு. இருபது ஆண்டுகளுக்கு முன் கால்வாசிதான் இருந்தது. அள்ளிக் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. உச்சவரம்பு போட்டால் மாணவன் வேறு கடைக்குப் போய்விடுவான், அது ஒன்றுதான் நான் சொல்வது.

வரம்பு போடாமல் வெளிப்படையாக இருந்தால் சரியாகிவிடும் என்று கார்னெல் நினைத்தது. 1998 முதல் ஒவ்வொரு பாடத்தின் மீடியன் கிரேடையும் (வகுப்பின் நடுவில் நிற்பவர் வாங்கிய கிரேடு) இணையத்தில் போட்டார்கள். முதலாளிகள் பார்ப்பார்கள், ஏ மலிவாகக் கிடைத்த இடம் எது என்று புரிந்துகொள்வார்கள் என்பது கணக்கு. பார்த்தது மாணவர்கள்! தாராளமாகப் போடும் பாடங்களைத் தேடிப் போனார்கள் என்று 2009ல் ஆய்வு வந்தது. 2011ல் இணையத்தில் போடுவதை நிறுத்தினார்கள்.

வைகை:

பெர்க்லியில் அதை மாணவர்களே செய்துகொள்கிறார்கள். பெர்க்லிடைம் என்ற தளம், மாணவர்கள் நடத்துவது. எந்தப் பாடத்தில் எத்தனை பேருக்கு என்ன கிரேடு என்று வரைபடமே வரும். உங்கள் மகள் நிச்சயம் பார்த்திருப்பாள் சார்.

நான் அங்கே பிஎச்டி படித்தபோது இப்படி ஒரு கட்டாயப் பாடத்துக்கு ஜிஎஸ்ஐ (வகுப்பில் உதவித் தாள் திருத்தும் ஆராய்ச்சி மாணவர்) ஆக இருந்தேன். வகுப்பு ஆரம்பித்த வாரத்திலேயே, படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை விட, போன வருடச் சராசரி என்ன என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச காலம் முன்பு வரை லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர் அறிவிக்க, ஆரம்பப் பாடங்களில் 3.3 ஜிபிஏ வேண்டும். அப்படி ஒரு கயிற்றில் நடப்பவனிடம் போய் ஆர்வத்துக்காக வரலாறு படி என்றால் எப்படிக் கேட்பான்?

மேற்பார்வை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்துக்குள் என்ன வர வேண்டும் என்பதை ஒரு குழு வரி வரியாகப் பார்க்கிறது. அதே பாடத்தில் எத்தனை பக்கம் எழுத வைக்கிறார்கள், எதற்கு ஏ, எதற்கு பி என்பது அந்தந்த ஆசிரியரின் இஷ்டம். யூசி முழுக்கப் பொதுவான விதி ஏ என்றால் மிகச் சிறப்பு, பி என்றால் நன்று, சி என்றால் சுமார் என்கிறது, அவ்வளவுதான். துறைகள் சில தங்களுக்குள் சராசரி இவ்வளவில் இருக்கட்டும் என்று வழிகாட்டுதல் வைத்துக்கொள்கின்றன, எஞ்சினியரிங் பக்கம் அதிகம். எனவே ஒரே கட்டாயத்தை ஒருவன் நாற்பது பக்கம் எழுதி பி வாங்கி முடிக்கிறான், இன்னொருவன் நான்கு சின்னக் குறிப்பு எழுதி ஏ வாங்கி முடிக்கிறான். இரண்டுக்கும் ஒரே டிக் மார்க். இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய கட்டாயம் இந்த இடத்தில்தான் நமத்துப்போகிறது.

சான்ஹோசே_செல்வி:

அந்தத் தாள்களைத் திருத்துபவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள் வைகை. 2022 நவம்பர் 14ல் யூசி முழுக்க 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போதுதான் எனக்கே தெரிந்தது. செமஸ்டர் கடைசியில் பல வகுப்புகளில் கிரேடு வரவில்லை. பேராசிரியர் பெயரில் வரும் கிரேடில் பாதி, சம்பளம் போதாத ஒரு ஆராய்ச்சி மாணவர் போட்டது.

வைகை:

பாதி என்பது துறைக்குத் துறை மாறும் அக்கா. பெரிய வகுப்புகளில் பாதிக்கும் மேல்தான்.

மதுரைக்காரன்:

நீங்கள் எல்லோரும் சுற்றி வளைத்து என் இடத்துக்கே வருகிறீர்கள். ஆசிரியர்களால் தங்களைத் தாங்களே மேற்பார்வை பார்க்க முடியவில்லை. அப்போது சட்டமன்றம் பார்க்கட்டுமே. வரிப்பணம்தானே.

சான்ஹோசே_செல்வி:

தம்பி, கலிஃபோர்னியா சட்டமன்றம் பார்த்தது. நீங்கள் விரும்பும் திசையில் இல்லை. என் பையன் கால் ஸ்டேட்டில் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி, யூசி வேறு இது வேறு) படிப்பதால் இந்தக் கதை எனக்கு அத்துப்படி.

ஷெர்லி வெபர் கொண்டுவந்த ஏபி 1460 மசோதா கால் ஸ்டேட் மாணவர் எல்லோருக்கும் 3 யூனிட் எத்னிக் ஸ்டடீஸ் (இனச் சமூகங்கள் பற்றிய படிப்பு) கட்டாயம் என்றது. அவர் அரசியலுக்கு வரும் முன் சான் டியேகோ ஸ்டேட்டில் ஆப்பிரிக்க ஆய்வுகள் துறைப் பேராசிரியர். கால் ஸ்டேட் டிரஸ்டிகள் (அதன் ஆட்சிக் குழு) முந்திக்கொண்டு 2020 ஜூலையில் தங்கள் சொந்த வடிவத்தை நிறைவேற்றினார்கள். அதில் சமூக நீதிப் பாடங்களும் சேரும், வலை பெரிது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 17 அன்று, ஆளுநர் நியூசம் மசோதாவில் கையெழுத்திட்டார். டிரஸ்டிகளின் வடிவம் காற்றோடு போனது. பழங்குடி, ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீனோ அமெரிக்கர் என்ற நான்கு துறைகள்தான் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆசிரியர் சங்கம் மசோதாவுக்குப் பின்னால் நின்றது. பாடத்திட்டம் எங்கள் வேலை, சட்டமன்றத்தின் வேலை இல்லை என்று கால் ஸ்டேட்டின் அகாடமிக் செனட் எதிர்த்தது. ஒரே ஆசிரியர்கள், இரண்டு அமைப்பு, இரண்டு நிலை!

இந்தத் துறைகளே வந்த விதம் வேறு. 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் மாணவர்கள் நடத்திய வேலைநிறுத்தம்தான் முதல் எத்னிக் ஸ்டடீஸ் கல்லூரியைப் பெற்றுத் தந்தது. மேலேயிருந்து யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

எதிர்த் திசைக்கும் உதாரணம் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் 2023ல் எஸ்பி 266 என்ற சட்டம். பொதுக் கல்விப் பாடங்களில் அடையாள அரசியல் கூடாது, அமெரிக்க நிறுவனங்களுக்குள் இனவாதம் அமைப்பாகவே ஊறியிருக்கிறது என்ற கோட்பாட்டின் மேல் பாடம் அமையக் கூடாது என்கிறது. 2024 ஜனவரியில் பொதுக் கல்வியின் மையப் பட்டியலிலிருந்து சமூகவியல் அறிமுகப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். டெக்சஸில் 2025ல் எஸ்பி 37, ஆசிரியர் செனட்டுகளைச் சுருக்கி, மையப் பாடத்திட்டத்தை மறுபார்வை பார்க்கும் பொறுப்பை ரீஜென்டுகள் (பல்கலைக்கழக ஆட்சிக் குழு) கையில் தந்தது.

கலிஃபோர்னியாவில் சேர்க்கத் திறந்ததும் ஃப்ளோரிடாவில் எடுக்கத் திறந்ததும் ஒரே கதவுதான் மதுரை. எது பிடித்திருக்கிறது என்பது அந்த ஆண்டு தேர்தலில் யார் ஜெயித்தார் என்பதைப் பொறுத்தது.

மதுரைக்காரன்:

தேர்தலில் ஜெயித்தவர்கள் முடிவெடுப்பதில் என்ன தப்பு? 332க்கு 303 என்று பேராசிரியர்கள் முடிவெடுத்தால் ஜனநாயகம், மக்கள் எடுத்தால் தலையீடா?

வைகை:

நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் கிடையாது. சட்டப்படி நிலைமை இதுதான்: கால் ஸ்டேட் மேல் சட்டமன்றத்துக்கு இருக்கும் பிடி யூசி மேல் கிடையாது. மாநில அரசியல் சாசனம் 9வது பிரிவில் யூசிக்குத் தன்னாட்சி தந்திருக்கிறது, நிர்வாகம் ரீஜென்டுகளிடம். 1919-20ல் பெர்க்லி ஆசிரியர்கள் கிளர்ந்து எழுந்த பிறகு, பாடங்களை அனுமதிப்பதும் மேற்பார்வை பார்ப்பதும் செனட்டின் பொறுப்பு என்று ரீஜென்டுகளே எழுதிக் கொடுத்தார்கள். ஏபி 1460 யூசியைத் தொடாததற்குக் காரணம் இதுதான்.

பேராசிரியரின் அரசியல் பற்றி சார் பயந்தாரே, அதற்கு உருப்படியான வழி ஒன்று உண்டு. பெர்க்லியில் கிரேடு முறையீட்டு விதி இருக்கிறது. என் கட்டுரை இன்னும் நன்றாக இருந்தது என்று முறையிட முடியாது, அது ஆசிரியரின் தீர்ப்பு. ஆனால் இனம், அரசியல், மதம், பால் மாதிரியான படிப்புக்குச் சம்பந்தமில்லாத அளவுகோல் வைத்துப் போட்டார் என்று காட்டினால் கேட்பார்கள். முதலில் ஆசிரியர், துறைத் தலைவர், பிறகு துறைக் குழு, அதற்கும் மேலே செனட்டின் பாடக் குழு. விதியில் அரசியல் என்ற சொல்லே இருக்கிறது. சட்டமன்றம் போக வேண்டியதில்லை.

நிலா_எல்ஏ:

இந்தப் பாடத்தில் அப்பாக்களுக்கே வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். தலீப் சிங் சௌந்த் பெர்க்லியில் 1924ல் கணிதத்தில் பிஎச்டி முடித்தவர். இந்தியர்கள் 'வெள்ளையர்' இல்லை, குடியுரிமை கிடையாது என்று பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1923ல். கணித முனைவர் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தார். 1946ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் குடிமகனாக முடிந்தது. 1956ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசிய அமெரிக்கர் அவர். டேட்டா சயின்ஸ் மாணவிக்கு இது தேவையில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

சான்ஹோசே_செல்வி:

ஆசிய அமெரிக்கர் என்றாலே சௌந்தோடு முடித்துவிடுகிறோம். கால் ஸ்டேட் 2022 ஜனவரியில் பாகுபாடு தடை விதியில் சாதியையும் சேர்த்தது, அதையும் வகுப்பில் பேசினால் நம் வீடுகளில் பாதிப் பேர்...

மட்டுறுத்துநர்:

செல்வி மேடம், சாதி பற்றித் தனி இழை ஏற்கெனவே சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தொடரவும். இங்கே கிரேடும் கட்டாயப் பாடமும் மட்டும்.

கணக்குப்பிள்ளை:

வைகை, நீங்களே செனட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்? உச்சவரம்பு வேண்டாம், வெளிப்படையும் வேலைக்கு ஆகவில்லை. மிச்சம் என்ன?

வைகை:

கிரேடைத் தொடவே மாட்டேன். ஒப்புதல் தரும்போது பாடப் பட்டியலோடு வேலையையும் கேட்பேன்: எத்தனை எழுத்து, எத்தனை வாசிப்பு, யார் திருத்துவார், ஒரு ஜிஎஸ்ஐக்கு எத்தனை மாணவர். அதில் ஒரு குறைந்தபட்சம் வைப்பேன். அதன் பிறகு ஒருவர் வகுப்பு முழுக்க ஏ போட்டாலும் எனக்குக் கவலையில்லை, எல்லோரும் எழுதியிருப்பார்கள். இன்னொன்று, இந்த ஒரு கட்டாயத்தை எல்லோருக்கும் பாஸ் / நோ பாஸ் ஆக்கிவிடுவேன். கிரேடு பயம் போனால் கஷ்டமான பாடத்தை எடுக்கத் துணிவு வரும்.

கணக்குப்பிள்ளை:

இல்லை, பாஸ் போதும் என்றால் சி மைனஸ் அளவுக்குத்தான் உழைப்பார்கள். பாஸுக்கு அங்கே அதுதானே கோடு. உங்கள் முதல் யோசனை சரி, இரண்டாவது அதையே கவிழ்க்கும்.

வைகை:

சிலர் அப்படித்தான் செய்வார்கள். இப்போதும் அவர்கள் அப்படித்தான், ஏ வாங்கிக்கொண்டு.

ஃப்ரீமாண்ட்_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு நடைமுறைச் சந்தேகம். இப்போதே பாஸ் / நோ பாஸில் எடுக்க முடியுமா?

வைகை:

முடியும் சார். சி மைனஸ் அல்லது பாஸ் இருந்தால் கட்டாயம் நிறைவேறும். மொத்த யூனிட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி எடுக்க முடியாது. மேஜருக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடம் என்றால் லெட்டர் கிரேடு கேட்பார்கள், அட்வைசரிடம் மகளே கேட்கட்டும்.

சான்ஹோசே_செல்வி:

இன்னொரு வழியும் உண்டு. சில கம்யூனிட்டி காலேஜ்களில் பெர்க்லி ஒப்புக்கொண்ட அமெரிக்கன் கல்ச்சர்ஸ் பாடங்கள் இருக்கின்றன, கோடையில் எடுக்கலாம். அசிஸ்ட் தளத்தில் பட்டியல் பார்க்கலாம். அங்கே வாங்கும் கிரேடு யூசி ஜிபிஏவில் சேராது.

கணக்குப்பிள்ளை:

யூசி ஜிபிஏவில் சேராது. மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் சேரும். ஆம்காஸ் (மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு), எந்தக் கல்லூரியில் எடுத்த கிரேடாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். மெடிக்கல் யோசனை நிஜம் என்றால் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.